சூளைக் குழியில் ஆகாயத் தாமரை

எங்கள் நகராட்சித் தொழிலாளர் சங்கத்துத் தம்பிகள் ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்களில் இன்னும் புத்தி தடுமாறாமல் இருப்பவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். "உங்க சேவையையும் தியாகத்தையும் பத்தி எழுதுங்கண்ணே" என்றார் செயலாளர். தியாகம் என்று நான் எதையும் செய்ததாக நினைவில்லை. பினாங்கு ஜார்ஜ் டவுன் கால்வாய்களிலும் குட்டைகளிலும் இடுப்பளவு தண்ணீரில் நின்று களை பிடுங்கினேன். அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். இரு தரப்புக்கும் இதில் பெரிய மனஸ்தாபம் கிடையாது.

ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். காரணம், போன மாதம் டத்தோ கிராமாட் பக்கம் பார்த்த ஒரு காட்சி. கால்வாய் ஓரத்தில் ஒரு இளைஞர் முதுகில் தகரத் தொட்டியைக் கட்டிக்கொண்டு ஆகாயத் தாமரைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும், "அப்படியாண்ணே? நீங்கள்லாம் கையால புடுங்கினீங்களாம்லா. இப்ப பாருங்க, அடிச்சா கருகிடும், கதை முடிஞ்சிது" என்றார். கருகும் என்பது எனக்கும் தெரியும். இந்தச் செடி மொத்தமாகக் கருகி, கதை முடிந்தது என்று ஒரு பெரிய மனிதர் அறிவித்து, அதற்குப் பிறகு நடந்த கூத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன். சேவையும் தியாகமும் வேண்டுபவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம்.

நான் மீசை அரும்பும் வயதில் கால்வாய்ப் பிரிவில் சேர்ந்தேன். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல நாற்றத்தைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு என்னை மண்டோர் ஆக்கினார்கள். மண்டோர் என்றால் ஆட்களோடு சேர்ந்து அவர்கள் செய்யும் வேலை அத்தனையும் செய்து, அவர்கள் வாங்க வேண்டிய திட்டையும் தனியாக வாங்குகிறவன். அதற்கு அடையாளமாக ஒரு விசில் கொடுத்தார்கள்.

எங்கள் கேங்கின் வேலையே ஆகாயத் தாமரைதான். மலாய்க்காரர்கள் அதைக் கெலாடி பூந்திங் என்பார்கள், வயிறு வீங்கிய சேம்பு என்று அர்த்தம். ஊதா நிறத்தில் பூக்கும், பார்க்க லட்சணமாக இருக்கும். எங்கோ தூர தேசத்திலிருந்து யாரோ ஒரு ரசிகர் அழகுக்காகக் கொண்டுவந்து தொட்டியில் விட்டாராம். அந்த ரசிகர் என் கையில் கிடைக்கவில்லை. சீனர்கள் பன்றிக்கு அவித்துப் போட வளர்த்தார்கள், வாத்துக்கு வளர்த்தார்கள். அது சொல்லாமல் கொள்ளாமல் வேலி தாண்டி ஊரெல்லாம் பரவிவிட்டது.

பினாங்கின் மழையும் வெயிலும் அதற்கென்றே அளந்து வைத்த மாதிரி இருக்கும். புரட்டாசி ஐப்பசியில் கொட்டும் மழையில் அடர்ந்து கிடக்கும் செடிக்கூட்டம் பிய்ந்துகொண்டு, கால்வாய் வழியாக அடுத்த குட்டைக்குக் குடிபோகும். பாலத்தடியில் அடைத்துக்கொண்டு தண்ணீரை ரோட்டில் ஏற்றிவிடும். சுங்கை பினாங்கு ஆற்றின் முகத்துவாரத்தில் உப்புத் தண்ணீர் பட்டால்தான் சாகும். தை மாசியில் வெயில் காயும்போது குட்டை வற்றி, செடி ஓரமாக ஒதுங்கிச் சோர்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்போம். வெயில் எங்கள் கட்சி, மழை அதன் கட்சி என்றுதான் நாங்கள் எல்லாருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஓவர்சியர் செல்லத்துரை ஐயா சிலோன்காரர், யாழ்ப்பாணத்துப் பக்கம். வெள்ளைக் கோட்டுக்குக் கழுத்து வரை பொத்தான் போட்டிருப்பார். தலையில் தொப்பி, தொப்பிக்கு அடியில் விபூதி, கக்கத்தில் குடை. மழை பெய்தால்கூட அந்தக் குடையை விரிக்க மாட்டார். அது கால்வாயின் ஆழம் பார்க்க. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சந்தேகம் வந்தால் ஒரே கேள்வியை மூன்று தடவை, ஒரே குரலில் கேட்பார். முதல் தடவை பொய் சொல்லலாம். இரண்டாம் தடவையும் சமாளிக்கலாம். மூன்றாவது தடவை "எனக்கு விளங்கேல்லை, திருப்பிச் சொல்லும்" என்று கண்ணைப் பார்த்துக் கேட்கும்போது, செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்ளத் தோன்றும். எங்கள் பேச்சு அவருக்குத் தமிழாகவே படவில்லை. அவர் பேச்சு எங்களுக்கும் அப்படித்தான்.

அவர் வகுத்த முறையில் கையை வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. முதலில் குட்டையிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயில் மூங்கில் கட்டி மறிக்க வேண்டும். ஆண்கள் சம்பான் படகில் போய் நீளக் கொக்கியால் செடியைக் கரைக்குத் தள்ளுவார்கள். பெண்கள் கரையில் வரிசையாக நின்று வேரோடு தூக்கிக் கூடையில் போடுவார்கள். இழுத்துப் பிய்க்கக் கூடாது, ஏனென்றால் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே விரல் தடிமனில் ஒரு கொடி ஓடும். அது அறுந்து விழுந்த துண்டு மறுபடி ஒரு குடும்பத்தைப் பெருக்கிவிடும். கூடையை மேட்டில் கொண்டுபோய் வேர் வானத்தைப் பார்க்கக் கவிழ்த்து, காய்ந்ததும் புரட்டி, மறுபடி காய்ந்ததும் கொளுத்த வேண்டும். வேலை முடிந்து கிளம்பும்போது கைலி, சேலை, கூடை எல்லாவற்றையும் உதறிக் காட்ட வேண்டும். ஐயா ஒவ்வொருவராகப் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் தன் சப்பாத்தையும் கழற்றித் தட்டிப் பார்ப்பார். "என்ரை காலிலையும் ஒட்டும் காணும். செடிக்கு ஓவர்சியர் எண்டு தெரியாது" என்பார். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கேங்கில் அஞ்சலை என்று ஒரு பெண். புருஷன் கருப்பையாவும் எங்களோடுதான் வேலை. இரண்டு பேரும் தஞ்சாவூர்ப் பக்கத்து ஒரே கிராமம், வேறு வேறு தெரு. அந்தத் தெருக்காரி இந்தத் தெருக்காரனோடு ஓடிவந்துவிட்டாள். அவள் அண்ணன்மார் அரிவாளோடு நாகப்பட்டினம் வரைக்கும் துரத்தி வந்தார்களாம். கப்பல் கிளம்பிவிட்டதால் இரண்டு பேரும் உயிரோடு பினாங்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஊருக்குப் போய்வந்த ஒருவர் மூலம் அண்ணன்மார் சொல்லியனுப்பினார்கள், என்றைக்கு வந்தாலும் காத்திருக்கிறோம் என்று. இவ்வளவையும் அவள் என் மனைவியிடம் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாளாம். கண்ணீர் எல்லாம் இல்லை.

அப்போதுதான் அந்தப் பொல்லாத காலம் வந்தது. ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்து, தோட்டங்களிலும் பட்டணத்திலும் ஆட்களைக் குறைத்தார்கள். வேலை இல்லாதவர்களை ஓசிக் கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு மேலே இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர், நாங்கள் துரை என்போம், எங்கள் கேங்கின் மேல் கண் வைத்தார். ஜெலுத்தோங் பக்கத்தில் செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பெரிய குழி ஒன்று குளமாகிக் கிடந்தது. ஊருக்கே ஆகாயத் தாமரை சப்ளை அங்கிருந்துதான். அதை ஒழித்துவிட்டால் கேங்கே தேவையில்லை, கலைத்துவிடலாம் என்பது துரையின் கணக்கு. மற்றவர்களுக்குக் கப்பல் என்றால் கஷ்டம், அவமானம். அஞ்சலைக்கும் கருப்பையாவுக்கும் அது கழுத்து.

துரைக்கு அந்தச் செடியைப் பற்றி ஒரு சொந்த அபிப்பிராயம் இருந்தது. வெயில் காலத்தில் அவர் குடும்பத்தோடு கொடிமலைக்கு மேலே குளிர்ச்சியாகத் தங்கப் போய்விடுவார். அதற்கு முந்தின வருஷம் ஒரு செடியைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மேலே கொண்டுபோய் வைத்துப் பார்த்தாராம். அது பூக்காமல், பெருகாமல், கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்ததாம். ஆகவே இது தாக்குப்பிடிக்கத் தெரியாத செடி, தண்ணீரை எடுத்துவிட்டால் செத்துவிடும் என்று முடிவு கட்டினார். கொடிமலையின் குளிருக்கும் ஜெலுத்தோங்கின் புழுக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, அதற்காகவே மலையேறுகிற மனிதர், செடிக்குக் கொடுக்க மறந்துவிட்டார்.

தைப்பூசம் முடிந்த கையோடு மதகை உடைத்துக் குழியை வடித்தோம். அந்த வருஷம் வெயில் மாதிரி ஒரு வெயில் நான் பார்த்ததில்லை. செடி பழுத்து, சுருண்டு, கடைசியில் காலை வைத்தால் அப்பளம் போல நொறுங்கியது. குழியின் தரை பாளம் பாளமாக வெடித்தது. துரை வந்து, வெடிப்புக்குள் கைத்தடியை விட்டுப் பார்த்து, "ஃபினிஷ்" என்றார். ஐயா அதை எங்களுக்கு மொழிபெயர்த்தார், எங்களுக்கு அந்த வார்த்தை தெரியாது என்பது போல. மழைக்காலம் தொடங்கும் முன் கேங்கைக் கலைப்பதாகச் சொல்லிவிட்டுத் துரை மலைக்குப் போனார். அன்று மாலை கருப்பையா கூடையைக் கழுவிக்கொண்டே இருந்தான். சுத்தமான கூடை அது.

"மண்டோர் அண்ணே, வேற எங்கயாச்சும் சேத்து விடுங்களேன்" என்று அஞ்சலை கேட்டாள். எங்கேயும் ஆள் எடுக்கவில்லை. அவளுக்கும் அது தெரிந்துதான் கேட்டாள்.

இந்த நேரத்தில், கூலிக்காரர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்து மாரியம்மனுக்கு மாசித் திருவிழா வந்தது. தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் எங்கள் லயமும், அதன் கோடியில் தகரக் கொட்டகை போட்ட அம்மன் கோயிலும் இருந்தன. பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். மண்ணும் எருவும் நிரப்பிய பானையில் ஊறவைத்த தானியங்களைத் தெளித்து, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் விட்டு வளர்த்து, முளை நிமிர்ந்ததும் தலையில் சுமந்துபோய்த் தண்ணீரில் கரைப்பார்கள். மண் எங்கே நன்றாக இருக்கும் என்று யோசித்தபோது, எல்லாருக்கும் ஒரே இடம்தான் தோன்றியது. சூளைக் குழியின் வண்டல். கரேலென்று, தண்ணீர் விட்டுப் பிசைந்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். வேலை முடிந்து திரும்பிய மாட்டு வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தோம். கைலியை உதறினோம், கூடையை உதறினோம், ஐயா சப்பாத்தைத் தட்டினார், வண்டி நிறைய மண் அவர் முன்னாலேயே போனது. சாமி காரியம் என்றதால் அவர் தொப்பியைக்கூடத் தொட்டுக்கொண்டார்.

அஞ்சலையும் முளைப்பாரி போட்டாள். அவளிடம் பானை இல்லை. சீனர்கள் ஊறுகாய் போடும் பளபளப்பான சாடி ஒன்று, வாய் உடைந்தது, அதில் போட்டாள். கப்பலில் ஏறாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள் என்பது லயத்துக்கே தெரியும். மற்ற பெண்களின் முளையைவிட அவள் முளை அரை விரல் கூடுதலாகவே நிமிர்ந்து நின்றது. ஊர்வலம் கிளம்பும் நேரத்தில்தான் வைரப்பன் கோயில் வாசலில் கையை விரித்து நின்றார். கேங்கில் மூத்தவர் அவர், திருவிழாவுக்கும் அவர்தான் தலைவர். அஞ்சலையின் கிராமத்துக்குப் பக்கத்துக் கிராமம்.

"ஒன் பானை வேணாம்மா. நீ தொட்டுச் சொமந்தா ஊருல கேட்டா நாங்க என்ன சொல்றது?"

"எந்த ஊருல மாமா? கடலுக்கு அந்தாண்ட இருக்கிற ஊருலயா?" என்றாள் அஞ்சலை.

வைரப்பன் வழியை விடவில்லை. நான் சண்டை போட்டேன். கடலைத் தாண்டி, கால்வாயில் ஒரே நாற்றத்தில் ஒன்றாக நிற்கிறோம், இங்கே என்ன தெரு வேண்டிக் கிடக்கிறது என்று கத்தினேன். விசிலைக்கூட ஊதினேன் என்று என் மனைவி சொல்கிறாள். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஊர்வலம் போய்விட்டது. எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. அஞ்சலை சாடியைத் தன் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வெளியே வெயிலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஊர்வலத்துக்கும் ஒரு சங்கடம் காத்திருந்தது. வழக்கமாகக் கரைக்கும் ஓடையில் அந்த வருஷம் தண்ணீர் இல்லை, கல்தான் இருந்தது. சுமந்து வந்த முளைப்பாரியைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. பெண்கள் தவித்து நின்றபோது வைரப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. அவருடைய மச்சினன் பக்கத்திலிருந்த ஒரு பங்களாவில் தோட்டக்காரன். பங்களாவுக்கு முன்னால் ஆழமில்லாத அல்லிக் குளம் உண்டு, வருஷம் முழுதும் தண்ணீர் நிற்கும். வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டான். குலவை போட்டுக் கரைத்துவிட்டு வந்தார்கள்.

பங்குனி கடைசியில் மழை பிடித்தது. உடைத்த மதகின் வாயைச் சருகும் சேறும் அடைத்திருந்ததால் சூளைக் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியது. நாங்கள் வேறு கால்வாய்களில் கடைசி வேலைகளை முடித்துக்கொண்டிருந்தோம். சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போன கருப்பையா ஓடிவந்தான். "அண்ணே, வந்து பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க." போய்ப் பார்த்தேன். குழி முழுக்கப் பச்சை. நெருக்கி விதைத்த நாற்றங்கால் மாதிரி, முன்னால் இருந்ததைவிடப் பல மடங்கு, சின்னஞ்சிறு ஆகாயத் தாமரை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

பயந்தது சரிதான். துரை மலையிலிருந்து நேராகக் குழிக்கு வந்தார். கேங் முழுவதையும் கரையில் நிறுத்தினார். செத்த செடி எப்படிப் பிழைக்கும், வேலை போய்விடும் என்று நீங்களே கொண்டுவந்து போட்டிருக்கிறீர்கள் என்றார். எங்களை அடுத்த கப்பலிலேயே ஏற்றப் போவதாகவும், எந்த இலாகாவிலும் மறுபடி சேர முடியாமல் செய்யப் போவதாகவும் சொன்னார். ஐயா மொழிபெயர்த்து முடித்துவிட்டுத் துரையிடம் ஏதோ கேட்டார். விசாரிக்க ஒரு வாரம் தவணை வாங்கினார் என்று பிறகு தெரிந்தது. எங்களுக்காகக் கேட்கவில்லை, தான் மேற்பார்த்த இடத்தில் தனக்குத் தெரியாமல் ஒன்று நடந்ததை அவரால் தாங்க முடியவில்லை. அஞ்சலை கருப்பையாவின் சட்டை நுனியைப் பிடித்தபடி நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஐயா லயத்துக்குச் சோதனை போட வந்தார். கூடைகளைக் கவிழ்த்தார், கட்டிலடியில் குடையை விட்டுத் துழாவினார். கடைசியில் அஞ்சலை வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தார். கூரைத் தண்ணீர் சொட்டி நிரம்பியிருந்த உடைந்த சாடியில், பச்சைப் பசேலென்று ஆகாயத் தாமரைக் கன்றுகள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து தேடியிருந்தாலும் இதைவிட நல்ல சாட்சியம் துரைக்குக் கிடைத்திருக்காது.

"இது ஆற்றை சாடி?" என்றார் ஐயா.

"என்னுதுங்க."

"ஏன் இதை வளர்த்தனீர்?"

"நான் வளக்கலீங்க. அதுவா வந்துச்சு."

"ஏன் வளர்த்தனீர் எண்டு கேட்டனான்."

"முளைப்பாரி போட்ட சாடிங்க அது. தட்டாம்பயறும் நெல்லும்தான் போட்டேன். அது வெயில்ல செத்துப்போச்சு. அப்புறம் இது வந்துச்சு."

"எனக்கு விளங்கேல்லை, பிள்ளை. திருப்பிச் சொல்லும்."

அவள் திருப்பிச் சொன்னாள், ஒரு வார்த்தை மாறாமல். ஐயா குடையைச் சுவரில் சாய்த்தார். தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அந்த வெள்ளைக் கோட்டோடு மண்டியிட்டு உட்கார்ந்து, சாடிக்குள் கையை விட்டார். ஒரு கன்றை மெல்லக் கிள்ளி எடுத்து வேரைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அடியிலிருந்து ஒரு பிடி சேற்றை எடுத்து விரலால் தேய்த்தார். அழுகிய பயற்றந்தாள் வந்தது.

"மண்டோர், இதில கொடி எங்கை?" என்றார் கடைசியில்.

பார்த்தேன். கொடி இல்லை. ஒரு கன்றுக்கும் அடுத்ததற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சேற்றில் வேர் விட்டிருந்தது. அடியில் புல் மாதிரி மெல்லிய நாக்கு இலைகள், அதற்கு மேலேதான் வட்ட இலை. யாராவது வளர்ந்த செடியைக் கொண்டுவந்து போட்டிருந்தால் தாயும் பிள்ளையும் கொடியில் கட்டிக்கொண்டு கிடக்கும். இவை எல்லாம் விதையிலிருந்து வந்த அநாதைகள். நாங்கள் அத்தனை வருஷம் பிடுங்கியும், இந்தச் செடிக்கு விதை உண்டு என்பதையே யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஐயாவும் இல்லை, துரையும் இல்லை, நானும் இல்லை. வருஷக்கணக்காகப் பூத்து, விதையைச் சேற்றில் புதைத்து வைத்திருக்கிறது. ஆழத் தண்ணீரிலும், மேலே மூடிய இலையின் நிழலிலும் அவை தூங்கிக் கிடந்தன. நாங்கள் தண்ணீரை வடித்து, நிழலையும் எடுத்து, நல்ல வெயில் காட்டி, பிறகு அளவான மழையில் விட்டோம். அதற்கு வேண்டிய பருவத்தை நாங்களே கூலி வாங்கிக்கொண்டு செய்து கொடுத்திருக்கிறோம்.

ஐயா என்னையும் கூட்டிக்கொண்டு குழிக்குப் போனார். கண்ட இடத்தில் கையை விட்டுக் கன்றுகளை எடுத்தோம். எங்கேயும் கொடி இல்லை. எங்கள் கழுத்து தப்பியது என்று நான் மூச்சு விட்டேன். லயத்துக்குத் திரும்பியதும் ஐயா எல்லாரையும் வாசலில் கூட்டினார்.

"துரைக்கு நான் சொல்லுறன். குழியை நீங்கள் கெடுக்கேல்லை. மண்ணிலை விதை கிடந்தது. இந்தச் சாடிதான் சாட்சி" என்றார். பிறகு அஞ்சலை பக்கம் திரும்பினார். "எல்லாரும் முளைப்பாரியைக் கரைச்சவை. நீர் ஏன் கரைக்கேல்லை?"

அஞ்சலை வைரப்பனைப் பார்த்தாள். வைரப்பன் தரையைப் பார்த்தார்.

"நான் சொமக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் தொட்டா அம்மனுக்கு ஆகாதாம்."

ஐயா மறுபடி கேட்கவில்லை. முதல் தடவையே விளங்கிவிட்டது போல. அடுத்து அவர் கேட்டதற்குத்தான் எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தோம்.

"மற்றப் பானையளிலையும் இதே மண்தானே? அதுகளை எங்கை கரைச்சனீங்கள்?"

மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை வைரப்பன், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மலையடியில... தொரை வீட்டுக் கொளத்துலங்க" என்றார்.

ஆமாம். அந்தப் பங்களா துரையுடையது. செல்லத்துரை ஐயா சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். சத்தமில்லாமல், தோள் குலுங்க, குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, "வாரும் மண்டோர். சாடியையும் எடும்" என்றார்.

துரை வீட்டு அல்லிக் குளத்தில் அல்லியைக் காணோம். கரைக்குக் கரை ஆகாயத் தாமரை, முதல் பூக்கள் விரிந்திருந்தன. தோட்டக்காரன் அது அம்மன் அருள் என்று நினைத்துப் பிடுங்காமல் விட்டிருக்கிறான். துரைசானி அம்மா அந்தப் பூவைப் பறித்துச் சாப்பாட்டு மேசையில் ஜாடியில் வைத்திருந்தார். துரையின் மூக்குக்கு நேராகவே அது இருந்திருக்கிறது. ஐயா சாடியைக் காட்டி, கன்றைக் காட்டி, இங்கிலீஷில் நிதானமாக விளக்கினார். குளத்து விவரத்தையும் ஒளிக்காமல் சொன்னார். துரையின் முகம் ஊதாவாகி வெளுத்தது. எங்களைத் தண்டிக்க வேண்டுமென்றால், தான் வடித்த குழியில் களை ஏன் பெருகியது என்பதையும், அது தன் வீட்டு வாசல் வரை எப்படி வந்தது என்பதையும் அவர் தன் மேலதிகாரிக்குச் சொல்லியாக வேண்டும். கொஞ்ச நேரம் பூ ஜாடியையே பார்த்தார். பிறகு, குளத்தை எப்போது சுத்தம் செய்வீர்கள் என்று கேட்டார்.

கேங் கலையவில்லை. தற்காலிகமாக நீட்டிக்கப்படுகிறது என்றார்கள். அந்தத் தற்காலிகத்தில்தான் நான் ஓய்வு பெற்றேன். சூளைக் குழியை அதற்குப் பிறகு யாரும் வடிக்கவில்லை. தண்ணீரை நிறுத்தியே வைத்து, பூக்கும் முன் பிடுங்கி, வருஷா வருஷம் சேற்றில் இருப்பைக் குறைத்தோம். ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னவர் கதையைத்தான் சொல்லிவிட்டேனே.

அந்தக் கப்பல் வேறு கேங்குகளின் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போனது. அது போன அன்று கருப்பையா வேலைக்கு வரவில்லை, துறைமுகத்துக்குப் போய் அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துவிட்டு வந்தான். அஞ்சலை வேலைக்கு வந்தாள். அவள் பங்கோடு அவன் பங்குக் கூடையையும் அவளே தூக்கினாள்.

அடுத்த மாசியில் முளைப்பாரி போடும்போது மண் எங்கே எடுப்பது என்பதில் எல்லாரும் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தோம். அஞ்சலையை வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வைரப்பனுக்குக் கூப்பிட வாய் வரவில்லை. அதற்கு அவர் நாக்கில் எவ்வளவோ வருஷத்துத் துரு ஏறியிருந்தது. மேளம் தட்டத் தொடங்கியதும் அஞ்சலை தன் வீட்டிலிருந்து, முளை நிமிர்ந்த அந்த உடைந்த சாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரையும் கேட்கவில்லை. நேராக வந்து வரிசையின் முன்னால், வைரப்பன் பெண்டாட்டிக்கும் முன்னால் போய் நின்றாள். மேளம் நின்றது. பின்னால் நின்ற பெண்கள் வைரப்பனைப் பார்த்தார்கள்.

வைரப்பன் மேளக்காரனைப் பார்த்து, "என்னய்யா நிக்கிற, அடி" என்றார்.